பங்குக்கு எது வேண்டும்: இணையதளமா, ஃபேஸ்புக்கா, வாட்ஸ்அப் குழுவா?

கோலாலம்பூர், பினாங்கு கத்தோலிக்கப் பங்குகளில் (கோயில் சமூகங்களில்) இணையப் பேச்சு எழுந்தாலே, "வாட்ஸ்அப் இருக்கு, ஃபேஸ்புக் இருக்கு, அப்புறம் இணையதளம் எதுக்கு?" என்று ஒரு குரல் வரும். ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இணையதளத்தைத்தான் வைத்துக்கொள்வேன்.

வேகத்தில் வாட்ஸ்அப்பை அடிக்க ஆளில்லை. பி.இ.சி. என்னும் அக்கம்பக்கத்து வீடுகளின் சிறு செபக் குழுவில் யாராவது இறந்தால், வீட்டில் செபமாலை எத்தனை மணிக்கு, அடக்கத் திருப்பலி எந்தக் கோயிலில் என்ற விவரம் உடனே எல்லார் கைக்கும் போய்விடுகிறது. படிக்கச் சிரமப்படும் பாட்டிகளுக்குக் குரல் பதிவாகவே அனுப்பிவிடலாம். ஆனால் அந்தக் குழுவில்தான் மன்றாட்டு என்ற பெயரில் நோயாளியின் முழுப்பெயர், நோய், வார்டு எண் எல்லாம் வருகின்றன. நாலு குழுக்கள் தாண்டி முன்பின் தெரியாதவர் கைக்கும் போகின்றன. வீட்டாரைக் கேட்காமல் இதைப் போடவே கூடாது. பாவசங்கீர்த்தனத்தைக் குறுஞ்செய்தியில் செய்ய முடியாது என்பதையும் பங்கில் சொல்லிவைக்க வேண்டும். ஞானஸ்நானம், பாவசங்கீர்த்தனம் போன்ற அருளடையாளங்கள் இணையத்தில் இல்லை என்று வத்திக்கான் 2002லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஃபேஸ்புக்கின் அருமை 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது தெரிந்தது. கோயில் கதவு சாத்திக் கிடந்த அந்த மாதங்களில் நேரலைப் பூசைதான் ஆறுதல். படுக்கையில் இருப்பவர்களுக்கு இன்றும் அதுதான். ஆனால் 2025 பிப்ரவரியிலிருந்து ஃபேஸ்புக் தன் நேரலைப் பதிவுகளை 30 நாள்தான் வைத்திருக்கிறது, பிறகு நீக்கிவிடுகிறது. மறையுரையைச் சேமித்து வைக்க வேண்டுமென்றால் யூடியூப்தான் சரி.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நம் பங்குகளில் ஆங்கிலம், தமிழ், மாண்டரின், மலாய் என்று நான்கு மொழி அறிவிப்புகளும் ஒரே பக்கத்தில் விழுகின்றன. செவ்வாய்க்கிழமை போட்ட தமிழ் நவநாள் அறிவிப்பு சனிக்கிழமைக்குள் அடியில் போய்விடும்.

இப்போது தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து இறங்கிய ஓர் இளைஞரை நினைத்துப் பாருங்கள். சனிக்கிழமை இரவு, "நாளைக்குத் தமிழ்ப் பூசை எங்கே?" என்று கூகுளில் தேடுகிறார். கோலாலம்பூரில் தமிழ்ப் பூசை நடக்கும் புடு அந்தோணியார் கோயிலைப் பற்றிச் சொல்லியனுப்ப அவருக்கு ஆளில்லை. எந்த வாட்ஸ்அப் குழுவிலும் அவர் இல்லை. ஃபேஸ்புக்கில் சாம்பல் புதன் சுவரொட்டி ஒன்று கிடைக்கிறது. அதில் நாளும் கிழமையும் இருக்கின்றன, ஆண்டு இல்லை. போன வருடத்ததா, இந்த வருடத்ததா என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஜூலை 26ஐ ஒட்டி வரும் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு வெளியூரிலிருந்து பினாங்கின் புக்கிட் மெர்தாஜாம் வருபவர்களுக்கும் இதே பாடுதான். நம்மை இன்னும் அறியாதவர்கள் நம்மைத் தேடிவரும் இடம் இணையதளம். அதனால்தான் அதைக் கைவிடக்கூடாது என்கிறேன்.

காசு விஷயத்திலும் இது காவல். பங்குத்தந்தை பெயரில் யாரோ பணம் கேட்டு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினால், கோயிலின் வங்கிக் கணக்கையும் பணம் அனுப்பும் டூயிட்நவ் கியூஆர் குறியீட்டையும் சரிபார்க்க ஓர் இடம் வேண்டாமா?

ஆனால் கவனிப்பாரற்ற இணையதளம் இல்லாததைவிட மோசம். கொரோனாவுக்கு முந்தைய பூசை நேரத்தை நம்பி ஒரு குடும்பம் குழந்தைகளோடு வந்து, பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால் அது நம் தவறு. ஞாயிறு அறிக்கையை அப்படியே படமாக ஏற்றுவதும் உதவாது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம், பார்வையற்றவரின் கைப்பேசியும் அதைச் சரியாக வாசித்துக் காட்டாது. பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட தமிழ் வேறு கணினியில் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடில்தான் தட்டச்சிட வேண்டும்.

ஆளும் பணமும் குறைந்த பங்குக்கு ஒரே பக்கம் போதும்: தமிழ்ப் பூசை நேரம், பாவசங்கீர்த்தன நேரம், அலுவலகத் தொலைபேசி, ஞானஸ்நானத்துக்கு வேண்டிய தாள்கள், வங்கிக் கணக்கு, கடைசியாகத் திருத்திய தேதி. அதைத் தமிழ் படித்த இரண்டு பேர் கவனிக்கட்டும். ஒருவர் ஊருக்குப் போனாலும் மற்றவரிடம் கடவுச்சொல் இருக்கும். வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்புக்கிலும் போடும் ஒவ்வொரு அறிவிப்பின் கீழும் அந்தப் பக்கத்தின் முகவரியைச் சேர்த்துவிடுங்கள்.