இன்சுலினுக்கு வாங்கிய பெல்தியர் குளிர்ப்பெட்டி

விசுவமடுவில் எங்கள் வீட்டுப் பிரிஜ் ஆவணி வெயிலில் உயிரை விட்டது. அம்மாவின் இன்சுலினுக்கு உடனே இடம் வேண்டும். கிளிநொச்சிக் கடையொன்றில், 12 வோல்ற்றில் ஓடும் எட்டு லீற்றர் குளிர்ப்பெட்டியை 16,500 ரூபாய்க்கு வாங்கினேன். "சேர், ஐஸே கட்டும்" என்றான் கடைத் தம்பி. முப்பது வருடம் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பித்தவன் நான். நம்பினேன், அதைத்தான் வெட்கத்தோடு எழுதுகிறேன்.

விறாந்தையில் 35 பாகை இருந்த மத்தியானம், மூன்று மணி நேரம் ஓடியபின்னும் உள்ளே 18. விடியற்புறம் வெளியே 27 ஆனபோது 11. அதற்குக் கீழே இறங்கியதே இல்லை. திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை வேண்டும். பெட்டியின் அடியில் "சூழலைவிட 20 பாகை வரை குறைவாக" என்று பொடி எழுத்தில் இருக்கிறது. பொய் சொன்னது பெட்டியல்ல.

நான்கு திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தேன். கொம்பிரசர் இல்லை, வாயு இல்லை. நாலு சென்ரிமீற்றர்ச் சதுரத்தில் ஒரு வெள்ளைத் தகடு, அதில் 'டெக்1-12706' என்ற முத்திரை: 127 சோடி, 6 அம்பியர். சோடிக்கு, பிஸ்மத் தெலுரைட்டு என்ற குறைகடத்தியாலான இரண்டு கால்கள். அந்திமனி கலந்த காலில் மின்னைத் துளைகள், அதாவது இலத்திரன் இல்லாத வெற்றிடங்கள், சுமக்கும். செலனியம் கலந்ததில் இலத்திரன்கள். இரண்டும் உள்வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு வெளிப்பக்கம் ஓடுகின்றன. 1834இல் பெல்தியர் கண்ட விளைவு இது.

மாசூட்டல், அதாவது வேற்றுப் பொருளை அளவாகக் கலப்பதுதான் இதில் முழு வித்தை. மின்னைச் சுமக்கும் இந்தத் துளைகளும் இலத்திரன்களுமான மின்காவிகள் குறைந்தால் தடை கூடிக் கால்களே சூடாகும். மிகுந்தால் ஒவ்வொரு காவியும் சுமக்கும் வெப்பம் சுருங்கும். கன சென்ரிமீற்றருக்கு 10இன் 19ஆம் அடுக்கு அளவு காவிகள் இருக்கும்போதுதான் உச்சம். அந்திமனியும் செலனியமும் பளிங்குச் சாலகத்தின், அதாவது அணுக்களின் அடுக்கின், ஒழுங்கையும் குலைப்பதால், வெளிச்சூடு உள்ளே திரும்பிக் கசிவது குறைகிறது. இத்தனைக்கும் பிறகு அறை வெப்பநிலையில் இதன் திறனெண் (பொருளின் தரத்தைக் காட்டும் ZT என்ற எண்) ஏறக்குறைய 1. கொம்பிரசரோடு மல்லுக்கட்ட 3 வேண்டும் என்பார்கள்.

அதனால்தான் இந்த எட்டு லீற்றர் பெட்டி 48 வோற்றை இடைவிடாமல் குடிக்கிறது. நாளுக்கு ஒரு யூனிட்டுக்கு மேல்! சோலர் பற்றரியில் நேராக ஓடுவதும், மின்விசிறியின் முனகலைத் தவிரச் சத்தமே இல்லாததும் நல்லவை.

திறந்த போத்தலுக்கு இது தாராளம். எங்கள் மருந்தின் தாளில் 30 பாகைக்கு மேற்படாமல் நான்கு வாரம் என்றிருக்கிறது. ஆனால், சோளகக் காற்றில் ஈரமணல் வைத்த மண்முட்டியும் 28 பாகை காட்டியது. "முட்டி போதும் என்று அன்றைக்கே சொன்னேனே" என்றார் அம்மா.

திறக்காத போத்தல்கள் இப்போது சின்னம்மா வீட்டுப் பிரிஜ்ஜில். இந்தப் பெட்டியில் மின்னோட்டத்தைத் திருப்பிச் சூடாக்கும் ஆளியொன்றும் இருக்கிறது. மார்கழி மழையில் தயிர் உறையாத இரவொன்றில் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும்.