சிவகாசி அச்சகத்தில் ஆறு ஆண்டுகளைக் கடந்த எங்கள் சர்வர்

எங்கள் ஆஃப்செட் அச்சகத்தில் 2019 மே மாதம் ஒரு சிறிய டவர் சர்வரை வாங்கி வைத்தோம். ஆறு ஆண்டுகளைக் கடந்தும் அதே இயந்திரம்தான் எங்கள் பதினொரு கணினிகளுக்கும் பொதுக் கிடங்காக இருந்து வருகிறது. சர்வர் வாங்க நினைக்கும் சிறு தொழில் நண்பர்கள் பெரும்பாலும் பிராசசரையும் ரேமையும் பற்றியே என்னிடம் கேட்கிறார்கள். எங்களைக் காப்பாற்றியவையும் சோதித்தவையும் அந்தப் பெட்டிக்கு வெளியே இருந்தவை என்பதால், அவற்றைப் பற்றியே இங்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

அதற்கு முன்பு, கணக்குப் பிரிவுக் கணினியில் ஒரு ஃபோல்டரைப் பகிர்ந்து எல்லோரும் பயன்படுத்தி வந்தோம். கணக்கர் மாலையில் கணினியை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனால், இரவு ஷிஃப்டில் பிளேட் (அச்சிடும் தகடு) எடுப்பவர் கோப்பு கிடைக்காமல் காத்திருப்பார். ஒரே டிசைன் மூன்று கணினிகளில் ‘பைனல்’, ‘பைனல் புதுசு’, ‘பைனல் கரெக்ஷன்’ என்று மூன்று பெயர்களில் கிடக்கும். அப்படி ஒருமுறை தவறான கோப்பு பிளேட்டுக்குப் போய், ஒரு நகைக்கடையின் பழைய தொலைபேசி எண்ணுடன் ஐயாயிரம் காலண்டர் அட்டைகள் அச்சாகிவிட்டன. அந்த அட்டைகளைக் கழிவுக் காகிதமாகப் போட்ட மாதத்தில்தான் சர்வர் வாங்கும் முடிவை எடுத்தோம்.

நாங்கள் வாங்கியது நான்கு கோர் சியான் பிராசசர், 16 ஜிபி இசிசி ரேம், இரண்டு 2 டிபி ஹார்டு டிஸ்க் கொண்ட எளிய இயந்திரம். நினைவகத்தில் ஒற்றை பிட் பிழை ஏற்பட்டால் தானாகவே திருத்திக்கொள்ளும் இசிசி ரேமும், இரவு பகலாக ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட டிஸ்க்குகளும்தான் சாதாரண கணினியிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுபவை. இயங்குதளமாக விண்டோஸ் சர்வர் 2019 எசென்ஷியல்ஸ் பதிப்பைத் தேர்ந்தெடுத்தோம். 25 பயனர்கள் வரை தனித்தனி அணுகல் உரிமம் வாங்கத் தேவையில்லை என்பதால் எங்கள் அளவுக்கு அது போதுமானதாக இருந்தது. டேலி கணக்குகளும் டிசைன் கோப்புகளும் அதில்தான் இருக்கின்றன. இத்தனை ஆண்டுகளில் பிராசசர் திணறி நான் பார்த்ததே இல்லை.

ஆனால் முதல் இரண்டு மாதங்கள் ‘சர்வர் ரொம்ப மெதுவாக இருக்கிறது’ என்று டிசைனர்கள் எல்லோரும் குறைப்பட்டார்கள். 600 எம்பி அளவுள்ள ஒரு போட்டோஷாப் கோப்பைத் திறக்கவே ஒரு நிமிடம் ஆயிற்று. ரேமைக் கூட்டிவிடலாம் என்று நான் கிளம்பியபோது, பராமரிப்புக்கு வந்த இளைஞர் தடுத்து, ‘அண்ணாச்சி, சர்வர்ல ஒரு குறையும் இல்ல. நடுவுல இருக்க சுவிட்ச் பழசு, அத மாத்துங்க’ என்றார். கணினிகளையும் சர்வரையும் கேபிள்கள் வழியாக ஒன்றோடொன்று இணைக்கும் பெட்டிதான் சுவிட்ச். அவர் சொன்னது முற்றிலும் சரி. 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்; எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட்) சுவிட்ச் வழியாக விநாடிக்கு 11 அல்லது 12 எம்பிக்கு மேல் எந்தக் கோப்பும் நகராது. கிகாபிட் சுவிட்சையும் கேட் 6 கேபிளையும் போட்டபின் அதே கோப்பு ஏழெட்டு விநாடிகளில் வந்து சேர்ந்தது. சர்வரின் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு மிகச் சிறியது.

அச்சகத்துக்கே உரிய ஒரு தொல்லையையும் சொல்ல வேண்டும். அச்சான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கத் தூவும் ஸ்ப்ரே பவுடர் காற்றில் மிதந்து, சர்வரின் விசிறிகளில் மாவுபோலப் படிந்துவிடும். முதல் கோடையில் மூடியைத் திறந்தபோது பிராசசர் மேலிருந்த அலுமினியத் தகடுகளின் இடைவெளிகள் முழுவதும் வெள்ளையாக அடைத்துக் கிடந்தன. அதன்பின் சர்வரை இயந்திரக் கூடத்திலிருந்து தள்ளி, கண்ணாடிக் கதவு போட்ட சிறு அறைக்கு மாற்றினோம்.

யூபிஎஸ்ஸைப் பொறுத்தவரை, அதற்கும் சர்வருக்கும் இடையே உள்ள யூஎஸ்பி கேபிளை இணைக்க மறக்காதீர்கள். மின்சாரம் போய், ஜெனரேட்டரும் கிளம்பாமல் பேட்டரி தீரும் நிலை வந்தால், அந்த இணைப்பின் மூலம்தான் சர்வர் தன்னைத் தானே முறையாக அணைத்துக்கொள்ளும். எங்கள் யூபிஎஸ்ஸுக்கு இதுவரை ஒருமுறை பேட்டரி மாற்றியிருக்கிறோம்.

இனி, நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது பேக்கப் பற்றி. ஆடிப்பெருக்கன்று புது ஆண்டுக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம். 2022இல் அதற்கு ஒரு வாரம் இருக்கும்போது டிஸ்க் ஒன்றின் முன்விளக்கு மஞ்சளாக மின்னத் தொடங்கியது. ரெய்டு 1 முறையில் இரு டிஸ்க்குகளிலும் ஒரே தரவு இருந்ததால் ஒரு மணி நேர வேலைகூட நிற்கவில்லை. புது டிஸ்க்கைப் பொருத்தினோம், விடிவதற்குள் பழைய நிலை திரும்பிவிட்டது. அந்த நிம்மதியில், ரெய்டு இருந்தால் போதும் என்று நாங்கள் எல்லோரும் நம்பிவிட்டோம். 2024 மார்ச்சில் ஒருவர் கைதவறி ஒரு வாடிக்கையாளரின் ஃபோல்டர் முழுவதையும் அழித்தபோது, அது இரண்டு டிஸ்க்குகளிலும் அதே நொடியில் அழிந்தது. முந்தைய இரவு வெளி டிஸ்க்கில் எடுத்த பேக்கப்பிலிருந்து டிசைன்களை மீட்டோம். ஆனால் அவ்வாறு மீட்கும்போதுதான், புதிதாக உருவாக்கிய கணக்கு ஃபோல்டர் பேக்கப் பட்டியலில் எட்டு மாதங்களாகச் சேர்க்கப்படவே இல்லை என்பது தெரிந்தது. தினமும் திரையில் ‘வெற்றி’ என்றே செய்தி வந்துகொண்டிருந்தது, நானும் அதைப் பார்த்துத் திருப்தி அடைந்திருந்தேன். அழிந்தது அந்த ஃபோல்டராக இருந்திருந்தால் எட்டு மாத ஜிஎஸ்டி கணக்கை பில் கட்டுகளிலிருந்து மறுபடி ஏற்றியிருக்க வேண்டும்.

இப்போது மூன்று பிரதிகள் வைத்திருக்கிறோம்: ஒன்று சர்வரில், இன்னொன்று வெளி டிஸ்க்கில், மூன்றாவது வாரம் ஒருமுறை என் வீட்டுக்கு வரும் டிஸ்க்கில். மாதத்தின் முதல் சனிக்கிழமை ஏதேனும் ஒரு டேலி நிறுவனக் கணக்கையும் இரண்டு டிசைன்களையும் வேறொரு கணினியில் மீட்டுத் திறந்து பார்க்கிறோம். முழுவதையும் கிளவுடில் வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குக்கு அது பொருந்தும். ஆனால் 50 எம்பிபிஎஸ் இணைப்பில் 40 ஜிபி ஆல்பக் கோப்புகளை ஏற்ற ஏறத்தாழ 2 மணி நேரம் ஆகும் என்பதால், டிசைன்களுக்கு உள்ளூர் சர்வரையே இன்னும் விரும்புகிறேன். கோப்புகளைப் பகிர்வது மட்டுமே தேவை என்றால் நெட்வொர்க்கில் இணைத்துப் பொதுக் கிடங்காகப் பயன்படுத்தும் ஒரு நாஸ் (NAS) பெட்டியே போதும், சர்வர் வேண்டியதில்லை.

விண்டோஸ் சர்வர் 2019க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2029 ஜனவரி 9 வரை வரும். இந்த இயந்திரத்தை அதற்கு முந்தைய ஆண்டின் சீசன் தொடங்குவதற்குள் மாற்றிவிட எண்ணியிருக்கிறேன். புதியதற்கும் நான்கு கோருக்கு மேல் கேட்கப் போவதில்லை, மிச்சமாகும் பணம் மூன்றாவது டிஸ்க்குக்கும் நல்ல யூபிஎஸ்ஸுக்கும் போகும்.