ஒருங்கிணைப்பாளர் ஒருவரா, பெற்றோரே பார்த்துக்கொள்வதா?

சிறப்புத் தேவையுள்ள கைக்குழந்தைக்கு இயன்முறை சிகிச்சை, செவித்திறன் சோதனை, பாலூட்டல் ஆலோசனை எனப் பல சேவைகள் ஒரே சமயத்தில் தேவைப்படும். பெற்றோரே அலைந்து அவற்றைச் சேர்ப்பது ஒரு வழி. எல்லாவற்றையும் கவனிக்க ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பது இன்னொரு வழி.

பெற்றோர் அளவுக்குக் குழந்தையை அறிந்தவர் யாருமில்லை. எப்போது தூங்கும், எங்கே தொட்டால் அழும் என்பதெல்லாம் கோப்பில் இருக்காது. ஆனால் போகுமிடமெல்லாம் பிரசவத்திலிருந்து கதையைத் திரும்பச் சொல்லவேண்டும். அப்புறம் அறிவுரைகள் மோதும். ஒருவர் விழித்திருக்கும்போது குப்புறப் படுக்கவைத்துப் பழக்கச் சொல்வார். இன்னொருவர் பால் குடித்ததும் அரை மணி நேரம் நிமிர்த்தியே வைத்திருக்கச் சொல்வார். இரண்டும் சரிதான். எது எப்போது என்று யார் முடிவுசெய்வது? ராத்திரியெல்லாம் தூங்காத அம்மாவா?

ஒருங்கிணைப்பாளர் அந்த இருவரையும் பேசவைத்து ஒரே அட்டவணையாக்குவார். காலக்கெடுவும் அவர் பொறுப்பு. செவித்திறனுக்கு 1 மாதத்துக்குள் முதல் சோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் உதவி தொடங்குவது என்று இலக்கு உண்டு. ஒரு சோதனைக்கும் அடுத்ததற்கும் இடையில்தான் குழந்தைகள் விடுபட்டுப்போகிறார்கள். அவர் கையில் குடும்பங்கள் அதிகமானால் இதுவும் தடுமாறும்.

என் தேர்வு ஒருங்கிணைப்பாளர்தான். ஆனாலும் அறிக்கைகளின் நகல் பெற்றோரிடமும் இருக்கட்டும். குறைமாதக் குழந்தையென்றால், பிறந்த தேதியோடு மருத்துவர் முதலில் குறித்த பிரசவ தேதியையும் நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். முதல் 2 வருடம் வளர்ச்சியை அந்தக் குறித்த தேதியை வைத்துத்தான் கணக்கிடுவார்கள்.