விளிம்பு மடித்த மெஷின் அப்ளிக்: ஆறாண்டுப் பயன்பாட்டில் கண்டவை

குவில்ட்டில் (துணிகளை அடுக்கித் தைக்கும் போர்வையில்) ஒட்டுத்துணியின் விளிம்பை உள்ளே மடித்து மெஷினில் தைக்கும் அப்ளிக் முறையை ஆறு ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறேன். இந்த வேலை அழகாக அமைவதும் கெடுவதும் பெரும்பாலும் இஸ்திரி மேசையிலேயே முடிவாகிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து.

ஃப்ரீசர் பேப்பரை (ஒரு பக்கம் பிளாஸ்டிக் பூச்சுள்ள, சூட்டில் துணியோடு ஒட்டிக்கொள்ளும் தாளை) இரண்டு அடுக்காக ஒட்டி, உருவத்தை வெட்டி, பூச்சுப் பக்கம் படும்படி துணியின் உள்பக்கத்தில் வைத்துத் தேய்க்கிறேன். உருவம் இடவலம் மாறி விழும் என்பதால், பறவையோ எழுத்தோ எதுவாயினும் தாளில் திருப்பி வரைய வேண்டும். மடிப்புக்கு ஐந்து அல்லது ஆறு மில்லிமீட்டர் துணி விட்டு வெட்டி, அதில் மட்டும் தூரிகையால் ஸ்டார்ச் தடவி, இஸ்திரிப் பெட்டியின் முனையால் தாளின் விளிம்பைத் தழுவியவாறு மடித்து, ஈரம் முற்றிலும் காயும்வரை அழுத்துகிறேன். காயாமல் தாளை உரித்தால் மடிப்பு விரிந்துவிடும். வெளிவளைவுக்கு வெட்டு தேவையில்லை; உள்வளைவில் மட்டும் ஓரிரு இழை மிச்சம் வைத்து வெட்டுப் போடுகிறேன். இலை நுனி எனக்கு நெடுநாள் பிடிபடவில்லை. இரு பக்கத் துணியும் அங்கே குவிந்து காதுபோல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். முதலில் நுனியை நேராக மடித்து, பிறகு பக்கங்களை மடித்து, அடியில் திரளும் துணியைக் கத்தரித்த பின்னரே கூர்மை வந்தது.

தைக்கும்போது 60/8 அளவுள்ள மெல்லிய ஊசியும், அகலம் நீளம் இரண்டும் ஒரு மில்லிமீட்டர் அளவிலான ஜிக்ஜாக்கும் போதும். ஊசி ஒரு குத்தில் விளிம்பை ஒட்டி அடித்துணியிலும், மறு குத்தில் உருவத்தின் இரண்டு மூன்று இழைகளிலும் இறங்க வேண்டும். மேல்நூல் டென்ஷனைச் சற்றுத் தளர்த்தினால் பாபின் நூல் (அடிநூல்) மேலே எட்டிப் பார்க்காது. கண்ணுக்குத் தெரியாத நைலான் நூலில் தொடங்கினேன்; பெட்டியின் சூட்டில் ஓரிடத்தில் அது உருகியதால் பாலியெஸ்டர் நூலுக்கு மாறினேன், பிறகு பிரச்சினை இல்லை.

அடிக்கடி துவைக்கப்படும் ஒரு குழந்தைப் போர்வையில், சூட்டில் ஒட்டும் பசைத்தாள் வைத்து, விளிம்பை மடிக்காமல் வெட்டியபடியே தைத்த பூக்கள் இழை பிரிந்து போயின. அதே போர்வையில் மடித்துத் தைத்தவை இன்றும் முழுமையாக இருக்கின்றன. இதய வடிவின் மேல் பள்ளத்தில் மட்டும் ஓரிடம் பிரிந்தது, ஏனெனில் மடிக்க அங்கே துணியே மிஞ்சுவதில்லை. இப்போது அந்தப் பள்ளத்தை நெருங்கும்போது தையல் நீளத்தை அரை மில்லிமீட்டராகக் குறைத்து, அகலத்தைச் சிறிது கூட்டிக்கொள்கிறேன்.