ஜி லீக்கா, ஸ்பெயினின் இரண்டாம் டிவிஷனா?

அமெரிக்கக் கூடைப்பந்தின் உச்ச லீக்கான என்பிஏவுக்கு வீரர்களைத் தயார்படுத்தும் ஜி லீக், 2001-இல் 8 அணிகளோடு தொடங்கியது. அங்கே ஆட்டக்காரர் மேலே போகலாம், அணி போக முடியாது. 2017-இல் டொராண்டோ ராப்டர்ஸின் ஜி லீக் அணியான ராப்டர்ஸ் 905 கோப்பை வென்றபோது இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் பாஸ்கல் சியாகம். 2019-இல் அவர் டொராண்டோவோடு என்பிஏ சாம்பியன். ராப்டர்ஸ் 905 இன்னும் ஜி லீக்கில்தான்.

1996-இல் பிறந்த ஸ்பெயினின் இரண்டாம் டிவிஷன் லீக்கில் (லெப் ஓரோ, இப்போது ப்ரிமேரா ஃபெப்) ஜெயித்தால் அணியே மேலே ஏறும். சியாகமோடு அதே 2019 கோப்பையைத் தூக்கிய ஸ்பெயின் வீரர் மார்க் கசோல், 2014-இல் அந்நாட்டின் ஜிரோனா நகரில் தானே ஒரு கிளப் தொடங்கியிருந்தார். 37 வயதில் அந்த ஜெர்சியைப் போட்டுக்கொண்டு இரண்டாம் டிவிஷனில் முட்டி மோதி, 2022-இல் அணியை முதல் டிவிஷனான ஏசிபிக்கு ஏற்றிவிட்டார்.

வீரரைச் செதுக்க ஜி லீக் அருமையான பட்டறை, சரி. ஆனால் ஓர் ஊர் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் ஆட்டம் வேண்டுமென்றால், நான் ஸ்பெயின் பக்கம்தான்.