கெனோபிக்குள் விளக்குப் போட 380 வெள்ளி கொடுத்து ஏமாந்தேன்

சுங்கை சிப்புட் பக்கம் ஹைலக்ஸ், டிரைட்டன் மாதிரி பிக்கப் காடி ஓட்டுகிறவர்கள், அதிலும் பின்தொட்டிக்கு மேல் கெனோபி என்கிற மூடுகூடு மாட்டியவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடைப் பெயரை எழுதப்போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியட்டும்.

நான் விருந்துச் சமையல்காரன். தோட்டத்துக் கோயில் திருவிழா, கல்யாணம், பதினாறாம் நாள் காரியம் எதுவானாலும் விடியற்காலை நாலு மணிக்கு அண்டா, அடுப்பு, கேஸ் தோம்பு (சிலிண்டர்) எல்லாம் இறக்கியாக வேண்டும். தோட்டத்துக் கோயில்தான் தெரியுமே, செம்பனைக்கு நடுவில் கும்மிருட்டு. டார்ச் லைட்டை வாயில் கவ்விக்கொண்டு எத்தனை நாள்தான் அண்டா இறக்குவது? அதனால்தான் கெனோபிக்குள் விளக்குப் போட நினைத்தேன்.

டவுனில் காடி எக்சசரி விற்கிற கடை ஒன்றில் கேட்டேன். "அண்ணே, பேட்டரியிலிருந்து தனி வயர், தனி ஃபியூஸ், பின்கதவு ஓரத்துல ஒரு சுவிட்ச். அஞ்சு மீட்டர் எல்.இ.டி. ஸ்ட்ரிப். ஒன்றரை மணி நேரத்துல எடுத்துக்கலாம்" என்றான் தம்பி. 380 வெள்ளி (ரிங்கிட்). நல்லவேளை, இதையே வாட்சாப்பிலும் எழுதி அனுப்பியிருந்தான்.

கூடவே நிற்காமல் எதிர்க்கடையில் தே தாரிக் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது உள்ளே பளிச்சென்று வெளிச்சம். ரொக்கமாகக் கொடுத்தேன், ரசீது கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சுவிட்சைத் தட்டினால் எரியவில்லை. முன்னால் போய்க் காடியின் சிறிய விளக்கை (பார்க்கிங் லைட்) போட்டால்தான் எரிந்தது. போன் போட்டுக் கேட்டேன். "அதுதாண்ணே சேஃப்டி, மறந்து எரியவிட்டுப் போக மாட்டீங்க" என்றான். சொன்னால் சொல்லிவிடுகிறேன், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மூன்றாவது வாரம், கோலகங்சாரிலிருந்து மழையில் வரும்போது ஸ்டியரிங்குக்கு முன்னால் இருக்கிற மீட்டர் விளக்கு பொசுக்கென்று அணைந்தது. பின்னால் வந்த லோரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் பின்விளக்கு இரண்டுமே செத்துக் கிடந்தன. மறுநாள் கடையில் ஐந்தே நிமிஷ வேலை. "ஃபியூஸ் போயிருச்சுண்ணே, பெரிசா போட்டுட்டேன், இனிமே போகாது." அதற்கும் 20 வெள்ளி.

அவன் சொன்னது உண்மைதான், ஃபியூஸ் அதன் பிறகு போகவேயில்லை. லிந்தாங் பக்கம் ஒரு கோயிலில் சாமான் இறக்கும்போது பிளாஸ்டிக் தீய்கிற வாடைதான் வந்தது. உள்ளே இரண்டு கேஸ் தோம்பு இருந்தது. எப்படி விளக்கை அணைத்தேன், எப்படித் தோம்பை இறக்கினேன் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

தோட்டத்து வர்க்‌ஷாப்பில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற மாமா ஒருவர் எங்கள் தாமானில் இருக்கிறார். காடியை அவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் திறந்தது ஃபியூஸ் பெட்டியைத்தான். மூடியில் பின்விளக்குக்கு 10 ஆம்பியர் என்று இருக்கிறது. 10 என்றால் சிவப்பு நிறம். உள்ளே இருந்ததோ பச்சை. பச்சை என்றால் 30.

அப்புறம் அடியில் படுத்துப் பார்த்தார். பேட்டரியிலிருந்து ஒரு வயரும் வரவில்லை. நம்பர் பிளேட் விளக்கின் வயரைக் கிள்ளி, ஒரு பிளாஸ்டிக் கிளிப்பைக் கடிக்கவிட்டு, அங்கிருந்தே கரண்ட் எடுத்திருக்கிறார்கள். ஸ்பீக்கருக்குப் போடுகிற மாதிரி ஒல்லி வயர். அதையும் கெனோபி கிளாம்புக்கும் தொட்டி விளிம்புக்கும் நடுவே நசுக்கி, மேலே கிளாம்பை முறுக்கியிருக்கிறார்கள். அந்த இடத்தில் தோல் உரிந்து, உருகி, செம்பு தெரிந்தது.

மாமா கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த ஸ்ட்ரிப் மீட்டருக்குச் சுமார் 14 வாட் இழுக்கும். ஐந்து மீட்டருக்கு 70 வாட், 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 6 ஆம்பியர். பின்விளக்கு, நம்பர் பிளேட், மீட்டர் விளக்கு எல்லாம் சேர்ந்தால் 10 ஆம்பியர் ஃபியூஸ் கழுத்துவரை நிறைந்துவிடும். வயர் இரும்பைத் தொட்டதும் அது போயிற்று. ஃபியூஸ் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. இவர்கள் 30 போட்டதால், ஃபியூஸுக்கு முன்னால் வயர் வேக ஆரம்பித்துவிட்டது.

எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மாமாவே மறுபடி போட்டுக் கொடுத்தார். ஸ்ட்ரிப்பை இரண்டு மீட்டராக வெட்டினார், அதுவே தாராளம். பேட்டரியிலிருந்து தடித்த வயர், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்திலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ். சேசிஸ் (காடியின் அடிச்சட்டம்) ஓரமாக, புகைக்குழாய் இல்லாத பக்கத்தில், நெளி குழாய்க்குள் விட்டு இழுத்தார். தகரத்தில் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம். கெனோபி ஃபைபர், அதில் எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி) கிடைக்காது. அதனால் எர்த் வயரைத் தனியாகச் சேசிஸுக்குக் கொண்டுவந்து, பெயின்டைச் சுரண்டி முறுக்கினார். கெனோபியைத் தூக்க வேண்டி வந்தால் கழற்ற ஒரு பிளக்கும் வைத்தார். சாமானோடு 140 வெள்ளி. கூலி வாங்க மாட்டேன் என்றார், வற்புறுத்திக் கையில் திணித்தேன்.

கடைக்காரரிடம் கருகிய வயரைக் காட்டினேன். "நீங்க வெளியே யாரையோ வச்சு நோண்டியிருக்கீங்க" என்றார். நேராகப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் புகார் கொடுத்துவிட்டேன். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வைக்க வேண்டியதில்லை, 50,000 வெள்ளி வரை கேட்கலாம். ரசீது இல்லாததால் அந்த வாட்சாப், மாமா பிரிப்பதற்கு முன் எடுத்த படங்கள், பிளாஸ்டிக் பையில் கருகிய வயர், பச்சை ஃபியூஸ், இவைதான் என் ஆதாரம். விசாரணைத் தேதிக்குக் காத்திருக்கிறேன்.

அதற்குள், டவுனில் கெனோபி விளக்குப் போட்டவர்கள் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, மூடியில் இருக்கிற எண்ணும் உள்ளே இருக்கிற எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். வேறாக இருந்தால், விளக்கு வயரைக் கழற்றும்வரை பின்னால் கேஸ் தோம்பு ஏற்றாதீர்கள்.