70 லீற்றரிலிருந்து 255 லீற்றருக்கு: உரும்பிராய் வீட்டில் ஒரு கடல்நீர்த் தொட்டி

பெரிய தொட்டி வேண்டும் என்று நான் முடிவெடுத்தது 2022 பங்குனி இறுதியில். இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்கள் அவை. அப்போது என்னிடம் இருந்தது இரண்டடி நீளத் தொட்டி, 70 லீற்றர் கடல்நீர். மின்விசிறியும் பம்பியும் நின்றால் மாலைக்குள் தண்ணீர் 32 பாகையைத் தொட்டுவிடும். சூடான நீரில் ஒட்சிசன் குறைவாகவே கரையும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடத் தொடங்கும். நானும் மகளும் முறை வைத்து விழித்திருந்து குவளையால் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினோம். அப்படியும் ஒரு கோபி மீனைக் காப்பாற்ற முடியவில்லை. அன்றைக்கே மனதில் பதிந்துவிட்டது: சிறிய நீருக்குத் தாங்கும் சக்தி இல்லை.

புதுத் தொட்டியை 2023 மாசியில் அமைத்தேன். நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், 10 மில்லிமீற்றர் கண்ணாடி. கணக்குப்படி 255 லீற்றர். எல்லாம் சேர்ந்தால் எடை 300 கிலோவைத் தாண்டும். இரும்புத் தாங்கி வேண்டாம் என்று முதலிலேயே ஒதுக்கிவிட்டேன், உப்புநீர் சிந்தும் இடத்தில் இரும்பு நிற்காது. சீமெந்துக் கல்லில் மூன்று தூண் கட்டி, பழைய வீட்டுக் கூரையிலிருந்து கழற்றி வைத்திருந்த வைரம் பாய்ந்த பனஞ்சிலாகைகளை அடுக்கி, மேலே தடித்த பலகையும் ரெஜிபோம் தாளும் விரித்தேன். இன்றுவரை ஒரு நூல்கூட வளையவில்லை. கண்ணாடியை ஒட்டும்போது மட்டும் பக்கத்தில் நின்று பாருங்கள். குளியலறைக்கென்று விற்கும் பூஞ்சணம் பிடிக்காத சிலிக்கனில் மருந்து கலந்திருக்கும்; மீனுக்கு அது நஞ்சு. சிலிக்கன் காய்ந்த பிறகு கிணற்று நீரை நிரப்பி ஒரு வாரம் வைத்திருந்தேன். நான்காம் நாள் பின்மூலையில் ஈரம் தெரிந்தது. அப்போதே தெரிந்ததால் பிரித்து ஒட்ட முடிந்தது.

என்னை அதிகம் அலைக்கழித்தது தண்ணீர்தான். கடல் சூழ்ந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் கடல்நீருக்கு என்ன குறை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முதலில் கீரிமலைப் பக்கம் போய் கரையிலேயே அள்ளி வந்து அளந்தால் சாரடர்த்தி (நன்னீரை 1 என்று கொண்டு பார்க்கும் அடர்த்தி) 1.019. கடல்நீருக்கு 1.025 இருக்க வேண்டும். அங்கே சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியே நன்னீர் ஊறிக் கடலில் கலக்கிறது. கீரிமலைக் கேணியில் ஊறுவதும் அந்த நீரே. பிறகு பருத்தித்துறையில் ஒரு கடற்றொழிலாளியிடம் பேசினேன். "தம்பி, மழை பெய்த பிறகு மேல் தண்ணீர் வேறு, அடித் தண்ணீர் வேறு. மாசி பிறக்கட்டும், வெளியே போய் அள்ளித் தருகிறேன்" என்றார். சொன்னபடியே படகில் தூரமாகப் போய் 20 லீற்றர் கான்கள் பதினான்கை நிரப்பித் தந்தார். பட்டா வாகனத்தில் ஏற்றி வந்து அளந்தபோது 1.025. இன்றும் அவரிடம்தான் எடுக்கிறேன். வாடைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும், உப்பும் இறங்கும். ஆகவே ஆவணியிலேயே இரண்டு 200 லீற்றர் பரல்களை நிரப்பி மூடி இருட்டில் வைத்துவிடுவேன். வாரம் 25 லீற்றர் மாற்றினால் மூன்று மாதத்துக்கு அது போதும்.

ஆவியாகும் நீருக்கு ஈடாகக் கடல்நீரை ஊற்றக்கூடாது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். நன்னீர்தான் ஊற்ற வேண்டும். ஆனால் எங்கள் கிணற்று நீரை ஊற்றலாமா? வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் போடும் செம்மண் தோட்டங்கள் சுற்றிலும் உள்ளன. அந்த உரம் சுண்ணாம்புப் பாறையின் ஊடாக நேரே நிலத்தடி நீரில் இறங்குகிறது. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் நைத்திரேற்று அதிகம் என்பது பல காலமாகத் தெரிந்த விடயம். என் கிணற்று நீரைச் சோதித்தபோது நிறம் அட்டையின் கடைசிச் சிவப்புக்குப் போய் நின்றது. அதைப் பார்த்த பிறகு குடிப்பதற்கும் தொட்டிக்கும் சேர்த்து ஆர்.ஓ. சுத்திகரிப்பான் வாங்கினேன். இத்தனை ஆண்டுகளில் செய்த செலவுகளில் மிக நல்ல செலவு அது.

கற்களைப் பற்றி ஒரு வார்த்தை. பவளப்பாறையைக் கடலிலிருந்து பெயர்த்தெடுப்பது இலங்கையில் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அதை நான் செய்யமாட்டேன். கிணறு வெட்டியபோது கிளம்பிய சுண்ணாம்புக்கற்கள் எங்கள் வளவில் கிடந்தன. பவளத்தின் எலும்பும் சுண்ணாம்புக்கல்லும் ஒரே கல்சியம் காபனேற்றுத்தான். துளைகள் நிறைந்த 25 கிலோவைத் தேர்ந்து, கழுவி, வெயிலில் காயவைத்து, பரலில் கடல்நீரோடு இரண்டு மாதம் ஊறவைத்தேன். பழைய தொட்டிக் கல் ஒன்றையும் அதற்குள் போட்டேன். மீன் கழிவின் அமோனியாவை நைத்திரைற்றாகவும் பின் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் தண்ணீரில் மிதப்பதைவிடக் கல்லின் மேற்பரப்பில்தான் பெரும்பாலும் ஒட்டி வாழ்கின்றன. அவற்றைச் சாகாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் மீன்கள் தாமே பிழைத்துக்கொள்ளும் என்று நம்பினேன், அந்த நம்பிக்கை பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

மாற்றும் நாளில் விடிய ஐந்து மணிக்குத் தொடங்கினோம். புதுத் தொட்டியில் நீர் இரண்டு நாட்களாகச் சுழன்றுகொண்டிருந்தது. உப்பும் வெப்பமும் பழையதோடு ஒத்திருந்தன. முதலில் கற்களை நீருக்கு அடியிலேயே வாளிக்குள் இறக்கினோம். கல் வெளியேறினால்தான் மீன் பிடிபடும், கல் இருக்கையில் துரத்தினால் மீன் பயந்தே செத்துவிடும். கடற்சாமந்தியை, அதாவது கோமாளி மீன்கள் அண்டி வாழும் பூப்போன்ற கடல் உயிரியை, பிய்க்க முயலவே இல்லை. அது ஒட்டியிருந்த கல்லோடு தூக்கினேன். பாதம் கிழிந்தால் பெரும்பாலும் பிழைக்காது. தண்ணீரை ஓரடிக்குக் கீழே இறக்கியதும் இரண்டு கோமாளி மீன்களையும் வலை இல்லாமல் பிளாஸ்டிக் பெட்டியால் அள்ளினாள் மகள். நீல டாம்செல் மீனை ஒரு கல்லோடு பழைய தொட்டியிலேயே விட்டு, மற்றவை புது இடத்தில் பழகிய பின் மூன்றாம் நாள் கொண்டுவந்தேன். அது முதலில் போயிருந்தால் நான்கடியும் தன் எல்லை என்று வரித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டியிருக்கும்.

நான் விட்ட பிழை மணலில். பழைய மணலில் உயிர் இருக்கிறதே, வீணாக்குவானேன் என்று கழுவாமல் அப்படியே கொட்டினேன். அடியில் தேங்கிக் கிடந்த அழுக்கு கலங்கி, அன்றிரவே அழுகிய முட்டை மணம் வந்தது. மறுநாள் அமோனியா லீற்றருக்கு 0.5 மில்லிகிராம். பாதித் தண்ணீரை மாற்றினேன், அடுத்த நாளும் மாற்றினேன். ஆறாம் நாள் அது பூச்சியத்துக்கு வந்தது. அதற்குள் துப்புரவு இறால் போய்விட்டது. கோமாளி மீனின் செவுள் ஓரத்தைச் சுத்தம் செய்யும் அந்த இறாலைப் பார்க்கவே மகள் பள்ளியிலிருந்து ஓடி வருவாள். பழைய மணலை எறிந்துவிடுங்கள், அல்லது நீர் தெளியும் வரை கழுவுங்கள்.

கடற்சாமந்தி ஒன்பது நாட்கள் தொட்டி முழுவதும் நடந்து இடம் தேடியது. பம்பியின் வாயில் பஞ்சு கட்டியிருந்ததால் தப்பியது. இரண்டாம் மாதம் கண்ணாடி முழுக்கக் கபிலநிறப் படலம். நான்காம் மாதம் பச்சைப் பாசி முடி முடியாய். பொறுத்திருந்தேன். எட்டாம் மாதமளவில் சுண்ணாம்புக்கற்களில் ஊதாநிறப் புள்ளிகள் தோன்றின, கல்லில் படிந்து வளரும் சுண்ணாம்புப் பாசி அது.

சித்திரை, வைகாசி வெப்பத்துக்கு நீர்ப்பரப்பை நோக்கி வைத்த இரண்டு சிறு மின்விசிறிகள் போதுமாக இருக்கின்றன. 31 பாகையை 28 ஆக்கிவிடும், பதிலுக்கு நாளொன்றுக்கு நான்கு லீற்றர் வரை ஆவியாகும். சோளகம் வீசும் நாட்களில் இன்னும் சற்று அதிகம். ஊசி ஆடும் பிளாஸ்டிக் உப்புமானி ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று சொல்கிறது, வாங்க வேண்டாம். ஒளி வழியே பார்க்கும் உப்புமானிக்குக் காசைச் சேருங்கள். நீரிலுள்ள கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, சத்தம்தான் அதிகம். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மின்சாரம் போனபோது பற்றரியில் ஓடும் காற்றுப் பம்பியை மட்டும் போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாலைவரை வெப்பம் ஒரு பாகைகூட ஏறவில்லை. ஒரு மீனும் மேலே வரவில்லை.

இரண்டாம் ஆண்டில் கோமாளி மீன்கள் முட்டையிடத் தொடங்கின. பெரியது பெண், கோமாளி மீன்கள் எல்லாம் ஆணாகவே வளர்ந்து, கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும். ஆண்தான் செட்டையால் விசிறி முட்டைகளைக் காக்கிறது. ஒரு வாரத்தில், இருட்டிய பின் பொரிக்கின்றன. இதுவரை நான்கு முறை பொரித்தும் ஒரு குஞ்சும் மூன்று நாளைத் தாண்டவில்லை, அவற்றின் வாய்க்கு ஏற்ற சிறிய உணவு என்னிடம் இல்லை. சென்ற செவ்வாய் மறுபடியும் முட்டையிட்டிருக்கின்றன. பழைய 70 லீற்றர் தொட்டியின் பக்கங்களில் மகள் கறுப்புத் தாள் ஒட்டி முடித்துவிட்டாள். குஞ்சுகளுக்கு உணவாகும் ரொட்டிஃபர் என்ற நுண்ணிய உயிரியை வளர்க்கும் வாளி இரண்டும் யன்னலோரம் இருக்கின்றன, நேற்றிலிருந்து தண்ணீர் பச்சையாகிவிட்டது.